வெறுவலையும் ஒரு கணக்கு

புள்ளிவிபரவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஆபத்துக்கு உதவும் பழமொழி ஒன்று உண்டு. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதே அது. மாதிரி என்றால் யாது, அம்மாதிரியிலிருந்து முழுமையை அறிவது எங்ஙனம் என்பவற்றை விளக்க இதனினும் சிறந்த வாசகம் கிடையாதென்று நாம் பல ஆண்டுகளாக நம்பியிருந்தோம். சென்ற தவணையில் அந்நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்தது.

பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். கரையோரக் கிராமமொன்றிலிருந்து துவிச்சக்கர வண்டியில் வருபவன். தந்தையார் கடற்றொழில் செய்பவர். "சேர், சோறு கொதிக்கும்போது பானைக்குள் எல்லாம் கலந்துவிடும். கடல் அப்படியில்லையே! அப்பா ஒரு பாட்டில் வலை போட்டால் வள்ளம் நிறையும். பத்துப் பாகம் தள்ளிப் போட்டால் வெறும் பாசிதான் வரும். அங்கே எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பது?" என்றான்.

வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அவன் கேட்டது உலகின் பெரிய பெரிய மீன்வள ஆராய்ச்சி நிலையங்களெல்லாம் தலையை உடைத்துக்கொண்ட கேள்வி. நாமோ மரக்கறி உண்பவர். மீன்சந்தைப் பக்கம் சென்று பழக்கமில்லை. காரல் எது, ஓரா எது என்று காட்டித்தரச் சொன்னால் விழிப்போம். ஆயினும் கணக்கு என்று வந்தபின் சைவம் அசைவம் பார்ப்பதெப்படி? அன்று வகுப்பிற் சொல்லி முடியாது போனதை ஈண்டு எழுத முற்பட்டோம்.

நிலம் கடலோரத்தில் முடிந்துவிடுவதில்லை. நீருக்கடியிலும் மெல்லச் சரிந்து சிறிது தூரம் சென்று, ஏறத்தாழ இருநூறு மீற்றர் ஆழத்திற்குப் பின்னரே செங்குத்தாக இறங்குகின்றது. அந்தச் சரிவான திண்ணையைத்தான் புவியியலார் கண்டமேடை என்பர். உலகக் கடற்பரப்பிலே அது நூற்றுக்கு எட்டுப் பங்குதானும் இராது. எனினும் மனிதர் பிடிக்கும் கடல்மீனிற் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கின்றது. சூரிய ஒளி படும் நீரும், ஆறுகள் கொணரும் சத்தும், அடியிலிருந்து கிளர்ந்தெழும் உப்புக்களும் அங்கே ஒன்றுசேர்வதே காரணம். ஆதலின் அம்மேடையில் எத்தனை மீன் உண்டு, எத்தனை வகை உண்டு என்று அறிய வேண்டியது ஊணுக்கும் தொழிலுக்கும் இன்றியமையாதது.

அறிவதெப்படி? மிக எளிதான வழி, மீனவர் கொண்டுவரும் மீனை நிறுத்துப் பார்ப்பது. நெடுங்காலம் அதுவே வழியாக இருந்தது. ஆனால் மீனவர் மீனிருக்கும் இடத்தைத் தேடிச் செல்பவர். தேடுவதுதானே அவர் திறமை. அவர் நிறைத்துவரும் படகு அந்த இடத்தில் மீன் இருந்ததென்பதற்குச் சாட்சியேயன்றிக் கடல் முழுவதிலும் இருந்ததென்பதற்குச் சாட்சியன்று. ஆகவே கணக்கெடுக்கும் கப்பல் எதிர்மாறாக நடந்துகொள்கின்றது. மீனைத் தேடுவதே இல்லை. மேடையின் படத்தை விரித்து, ஆழத்திற்கேற்ப அதனைப் படைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படைக்குள்ளும் சீட்டுக்குலுக்கியதுபோல் எழுமாற்றாகச் சில இடங்களைக் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் குறித்த இடத்திற்குச் சென்று, மீன் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, வலையை இறக்குகின்றனர். வெறுவலை வந்தால் வெறுவலை என்று எழுதுகின்றனர். மாணவன் கேட்டானே, எந்தச் சோற்றை எடுப்பதென்று. எந்தச் சோறு என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைக் கையினின்றும் பறித்துச் சீட்டிடம் ஒப்படைத்துவிடுவதே விடை.

வலையை இறக்கியபின் நடப்பது ஒரு சடங்கு போன்றது. ஆண்டுதோறும் ஓர் அணுவும் பிசகாமல் நடத்தல் வேண்டும். ஒரே வகை வலை, ஒரே வேகம், ஒரே நேரம். கனடா நாட்டின் கிழக்குக் கரையில், நியூபவுண்லாந்துக் கடலில், 1995 வரை நடந்த அளவீடுகளில் ஒவ்வோர் இழுப்பும் மூன்றரை நொட் வேகத்தில் அரை மணி நேரம் நீடித்தது. மடி மேலே வந்ததும் மீனைத் தளத்திற் கொட்டி, இனம் இனமாகப் பிரித்து, நிறுத்து, எண்ணி, அளவுப்பலகையில் நீட்டி ஒவ்வொன்றின் நீளத்தையும் குறிப்பர். சில மீன்களின் தலையைப் பிளந்து செவிக்கல்லை எடுப்பர். மரத்தின் குறுக்குவெட்டில் வளையம் இருப்பதுபோல் அச்சிறு கல்லிலும் ஆண்டுக்கொரு வளையம் உண்டு. எண்ணினால் மீனின் வயது தெரிந்துவிடும். இரைப்பையைக் கீறி எதை உண்டதென்றும் பார்ப்பதுண்டு. விலைபோகாத மீன், நட்சத்திர மீன், நண்டு, இறால் எல்லாம் பேரேட்டில் ஏறும். இரவு பகல் என்று பாராமல் இது நடக்கும்.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. வலையின் வாயகலம் 14 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை நொட் வேகத்தில் அரை மணி நேரம் சென்றால் ஒன்றே முக்காற் கடல்மைல், அதாவது ஏறக்குறைய 3,240 மீற்றர். வலை துடைத்த பரப்பு 14 × 3,240. சற்றேறக்குறைய 45,000 சதுர மீற்றர். இத்தகைய இழுப்புகளிற் சராசரியாக 90 கிலோகிராம் மீன் கிடைத்ததென்றால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 2,000 கிலோகிராம், அல்லது 2 தொன். அப்படையின் பரப்பு 1,000 சதுர கிலோமீற்றராயின் அங்கே 2,000 தொன். ஒவ்வொரு படைக்கும் இவ்வாறு கண்டு கூட்டினால் மேடை முழுவதற்கும் ஒரு தொகை வரும். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். ஆனால் வலைக்கு மேலே நீந்தித் தப்பிய மீன் எத்தனை, கீழே மணலில் ஒட்டிப் படுத்துத் தப்பிய மீன் எத்தனை என்பது அதற்குள் இல்லை. ஆகவே அத்தொகையைக் கடலின் உண்மையான இருப்பு என்று கொள்ளாது ஒரு சுட்டெண்ணாகக் கொள்வதே அறிவுடைமை. தப்பும் மீனின் விகிதாசாரம் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்குமாயின், சுட்டெண் பாதியாகும்போது மீனும் பாதியாயிற்று என்று சொல்லலாம். சடங்கு பிசகக்கூடாதென்று மேலே சொன்னதன் பொருள் இதுவே.

இவ்வளவு பிடிவாதம் எதற்காக என்று கேட்பவர்க்கு அதே நியூபவுண்லாந்தின் கதையைத்தான் சொல்லவேண்டும். எமது சிறுவயதில் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடுகளிலும் மருந்து என்று பெயர்சூட்டிக் குழந்தைகளின் வாயில் ஊற்றப்பட்ட மீனெண்ணெய் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். அது கொட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. அந்த மீனின் பேரூர்களுள் ஒன்று நியூபவுண்லாந்துத் தீவின் கண்டமேடை. அதன் தென்பகுதியான பெருந்திட்டு மாத்திரமே இலங்கையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரந்தது. 1497 இல் யோன் கபொற் என்ற மாலுமி அங்கே போய்த் திரும்பியபோது, கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாலே மீன் அள்ளலாம் என்ற செய்தி ஐரோப்பாவிற் பரவிற்று. நானூற்றைம்பது ஆண்டுக்காலம் தூண்டிலும் பொறிவலையும் கொண்டு பிடித்தும் அது குறையவில்லை. பின்னர் குளிரூட்டும் அறைகளுடன் கூடிய பெரிய இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. 1968 ஆம் ஆண்டில் மட்டும் வடபுலக் கொட் 8 இலட்சத்து 10 ஆயிரம் தொன் பிடிபட்டது. அதன்பின் வீழ்ச்சி. பத்தாண்டு கழித்து, 1978 இல், பிடிபட்டது ஒன்றரை இலட்சம் தொன்னுக்கும் குறைவு.

1977 இல் கனடா இருநூறு கடல்மைல் எல்லையை வகுத்துப் பிறநாட்டுக் கப்பல்களிற் பெரும்பாலானவற்றை விலக்கியது. இனிக் கவலையில்லை, மீன் மீண்டும் பெருகும் என்று எல்லோரும் எண்ணினர். ஆண்டுதோறும் எவ்வளவு பிடிக்கலாம் என்று அரசாங்கம் அளவு விதித்தது. 1984 இல் அவ்வளவு 2 இலட்சத்து 66 ஆயிரம் தொன்னாக உயர்ந்தது. அதற்கு ஆதாரமான மதிப்பீட்டிற்கு இரண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று ஆராய்ச்சிக் கப்பலின் சீட்டுக்குலுக்கற் கணக்கு. மற்றது கம்பனிக் கப்பல்கள் ஒரு மணி நேரத்திற் பிடித்த மீனின் கணக்கு. ஆராய்ச்சிக் கப்பலின் எண்கள் ஆண்டுக்காண்டு மேலும் கீழும் தாவின. கம்பனிக் கப்பல்களின் எண்களோ ஒழுங்காக ஏறிக்கொண்டே சென்றன. மேலுங்கீழும் தாவுபவனைவிட ஒழுங்காகப் பேசுபவனை நம்புவது மனித இயல்பு. இரண்டிற்கும் நடுவிலே ஒரு கோடு கிழித்து மதிப்பிட்டனர்.

ஒழுங்காகப் பேசிய சாட்சியே பொய்ச்சாட்சி. மீன் குறையக் குறைய எஞ்சியவை பரந்து வாழவில்லை, நெருங்கித் திரண்டன. கப்பல்களோ எதிரொலிக் கருவி கொண்டு அத்திரளைத் தேடிப் பிடித்தன. ஆதலால் கடல் வெறுமையாகிக்கொண்டிருந்தபோதும் மடி நிறைந்தே வந்தது. இதனை முதலில் உணர்ந்தவர்கள் சிறுபடகில் கரையோரம் தொழில் செய்தவர்கள். மீன் கரைக்கு வருவது குறைந்தது, வருபவையும் சிறுத்துவிட்டன என்று அவர்கள் முறையிட்டனர். செவிசாய்ப்பாரில்லை. ஈற்றில் அவர்களுடைய சங்கமே 1986 இல் பல்கலைக்கழக உயிரியலாளர் மூவரைக்கொண்டு அரசாங்க மதிப்பீட்டைப் பரிசோதிப்பித்தது. மதிப்பீடு பிழையென்று அவர்கள் எழுதினர். படிப்பில்லாத மீனவர்க்கு என்ன தெரியும் என்று அலுவலகங்களிற் பேசியவர் அங்கும் இருந்திருப்பர், எங்கேதான் இல்லை?

ஆராய்ச்சிக் கப்பலும் குற்றமற்றதன்று என்பதைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. அதே 1986 ஆம் ஆண்டில் அதன் கணக்கு வழக்கத்திற்கு மாறாக உயர்ந்து காட்டியது. சில இழுப்புகளிற் பெருந்திரள் அகப்பட்டுவிட்டால் சராசரி வானுக்கு ஏறிவிடும். எழுமாற்று முறையின் பலவீனம் அது. அந்த ஓராண்டு எண் பலருடைய கண்ணை மறைத்தது. பல ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலன்றி இக்கணக்கு பேசாது.

1989 இல் விஞ்ஞானிகள் கணக்கைத் திருத்தினர். பிடிக்கும் வேகம் முன்னர் நினைத்ததிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. அவ்வாண்டுக்கு 1 இலட்சத்து 25 ஆயிரம் தொன் போதும் என்ற ஆலோசனை பிறந்தது. அரசாங்கம் 2 இலட்சத்து 35 ஆயிரம் என்று விதித்தது. தொழிற்சாலைகள் மூடப்படும், ஊர்கள் பாழாகும் என்ற அச்சம் காரணம். அச்சம் நியாயமானதே; ஆயினும் மீனுக்கு அந்நியாயம் தெரியாது. 1992 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் நாள், நியூபவுண்லாந்திலேயே பிறந்த மீன்பிடி அமைச்சர் யோன் குறொஸ்பி, வடபுலக் கொட் பிடிப்பதைத் தடைசெய்வதாக அறிவித்தார். முப்பதினாயிரம் பேரளவில் ஒரேயடியாகத் தொழிலிழந்தனர். ஈராண்டுத் தடை என்றே அன்று சொல்லப்பட்டது. கரையோரத்தில் இடையிடையே சிறிதளவு அனுமதித்தனரேனும், தடை முறைப்படி நீங்கியது 2024 யூனிலேதான். அப்போதும் அனுமதித்தது 18 ஆயிரம் தொன். முப்பத்திரண்டு ஆண்டுகள்! தடை வந்த நாளிற் பிறந்த குழந்தை அதற்குள் தானே தாயாகியிருக்கும். மீன் அழிந்ததற்குக் கடல்நீர் மிகக் குளிர்ந்ததும் ஒரு காரணம் என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் இன்றும் ஓயவில்லை. பிடித்தது அளவுக்கு மிஞ்சியது என்பதிலே வாதமில்லை.

விலைபோகாத மீனையும் எண்ணுகின்றார்களே, வீண் வேலையல்லவா என்று எண்ணத் தோன்றும். அதன் பயன் பின்னரே தெரிந்தது. பேரேட்டைப் புரட்டிப் பார்த்தபோது அக்கடலிற் குறைந்தது கொட் மாத்திரமன்று. யாரும் விரும்பிப் பிடிக்காத அடிமீன்கள் சிலவும் அதே ஆண்டுகளிற் சுருங்கியிருந்தன. மறுபுறம் வடகடல் இறாலும் பனிநண்டும் பெருகின. மீனூராக இருந்தவை பல நண்டூராகிப் பிழைத்துக்கொண்டன. கொட்டை மட்டும் எண்ணியிருந்தால் ஒரு மீன் குறைந்த கதை மட்டுமே கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் எண்ணியதால் ஒரு சமுதாயமே மாறிய கதை கிடைத்தது.

இங்கே மாணவர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று: நிறைவு வேறு, பல்வகைமை வேறு. இரண்டு மடிகளில் நூறு நூறு மீன். இரண்டிலும் பத்துப் பத்து இனம். முதல் மடியில் ஒவ்வோரினத்திலும் பத்து. இரண்டாவதில் ஓரினம் தொண்ணூற்றொன்று, ஏனைய ஒன்பதும் ஒவ்வொன்று. எண்ணிக்கையும் இனத்தொகையும் சமமே. ஆனால் இரண்டாவது கடல் ஒரே காலில் நிற்கின்றது. இவ்வேறுபாட்டை ஓர் எண்ணாற் காட்டும் சூத்திரங்களும் உள. அவை இப்பத்திக்கு வேண்டா.

அயலிலுள்ள ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மேடையில் 1963 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திற் தொடங்கிய அளவீடு இத்தகைய வரிசைகளிலே மிக நீண்டவற்றுள் ஒன்று. 'அல்பற்றோஸ் நான்கு' என்ற கப்பல் பெரும்பாலும் அதனைச் செய்தது. 2009 இற் புதிய கப்பல் வந்தபோது, இரண்டும் அருகருகே சென்று நூற்றுக்கணக்கான முறை வலை இழுத்து, பழைய கப்பலின் ஓரலகு புதியதன் எத்தனை அலகு என்று கண்டபின்னரே கணக்கைத் தொடர்ந்தனர். வீட்டிற் பழைய கொத்து உடைந்து புதிய கொத்து வாங்கினால் இரண்டிலும் அரிசி அளந்து பார்ப்பதில்லையா, அதுபோல. கடல் வெப்பமடைய மீனினங்கள் பல வடக்கு நோக்கியும் ஆழம் நோக்கியும் நகர்வதை அவ்வரிசையே காட்டிக்கொடுத்தது.

இனி எமது கடல். இங்கு இவ்வேலை நடக்கவேயில்லை என்று நினைத்தல் தவறு. பிரித்தானியர் காலத்தில், 1920களிலேயே, 'லில்லா' என்ற இழுவைக் கப்பல் பருத்தித்துறைக்கு அப்பாலுள்ள திட்டிலும், குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் திட்டிலும் வலையிழுத்துப் பார்த்தது. 1978 முதல் 1980 வரை நோர்வேயின் 'டொக்டர் பிரிட்யொவ் நான்சன்' என்ற ஆராய்ச்சிக் கப்பல் மூன்று முறை, மூன்று வெவ்வேறு பருவங்களில், இலங்கையைச் சுற்றி அளந்தது. வலையோடு எதிரொலிக் கருவியையும் அது பயன்படுத்திற்று; சூடை போன்று நடுநீரிலும் மேல்நீரிலும் திரியும் மீனை அடிவலையால் மட்டும் அறிய இயலாதன்றோ? அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் மௌனம். இடையிலே போர். 2018 இல் அதே பெயர் தாங்கிய, ஆனால் முற்றிலும் புதிய கப்பல் ஒன்று வந்து மீண்டும் அளந்தது. மீனின் இருப்பு முந்திய மதிப்பீடுகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

எவ்வளவை நம்பலாம்? கப்பல் வேறு, கருவி வேறு, முன்னர் மூன்று பருவம், பின்னர் ஒரே பருவம், இடையில் ஒரு புள்ளியும் இல்லை. இரண்டு முனைகளுக்கிடையே கோடு கீறலாம். வழியில் எந்த ஆண்டில் வீழ்ச்சி, எதனால் வீழ்ச்சி என்று அக்கோடு சொல்லாது. மேலும் எமது வெப்பக்கடலில் ஒரே இழுப்பில் விளைமீன், காரல், திருக்கை, பாரை, கலவாய் என்று பல்வேறு இனங்கள் கலந்து வரும். குளிர்கடலில் ஓரிரு டசின் இனங்களை அறிந்தவர் சமாளிக்கலாம். இங்கே இனம் பிரிப்பதற்கே தனிப் புலமை வேண்டும். பாக்குநீரிணையோ பெரும்பாலும் பதினைந்து மீற்றர்தானும் ஆழமில்லாதது. பெருங்கப்பல் அதற்குள் நுழைந்து அளக்க இயலாது. அதாவது மீனுக்காக மிகுந்த வழக்கும் கண்ணீரும் நடக்கும் கடலே கணக்கெடுக்க மிகக் கடினமான கடலாக அமைந்துவிட்டது.

இதை வகுப்பிற் சொன்னபோது மாணவன் முகம் கறுத்தது. இழுவை என்ற சொல்லே அவன் ஊரில் வசைச்சொல். பாக்குநீரிணையைத் தாண்டிவரும் றோலர்கள் தன் தந்தையின் வலையை அறுத்துச் சென்றதை அவன் கண்டவன். அடியைச் சுரண்டும் இழுவைமுறையை இலங்கை 2017 இற் சட்டத்தால் தடைசெய்தது. "சேர், எண்ணுவதற்கும் அதே வலைதானா?" என்று கேட்டான். அதே வகை வலைதான். ஆண்டுக்குச் சில நூறு இழுப்பு அளப்பதற்கு. நாள்தோறும் நூற்றுக்கணக்கான இழுப்பு அள்ளுவதற்கு. வேறுபாடு அளவிலே உள்ளது என்றோம். அவன் முழுதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதுவும் நன்றே.

மறுவாரம் அவன் ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து எமது மேசையில் வைத்தான். தந்தையார் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த கணக்கு. திகதி, பாடு, மீன், நிறை, விற்ற விலை. ஒழுங்கான கையெழுத்து. நாம் ஆவலோடு புரட்டினோம். மாதத்திற்குப் பதினைந்து, பதினாறு பதிவுகள். "மற்ற நாட்களில் கடலுக்குப் போவதில்லையா, தம்பி?" என்று கேட்டோம்.

"போவார், சேர். ஆனால் மீன் படாத நாளில் எழுத என்ன இருக்கிறது?" என்றான்.